சந்தகை மரம் என்று நான் சொன்ன பலகை

யாரைக் கேட்டுப் பெருந்துறைக்குப் போனீங்க என்று கேட்டாய். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாய். பதில் இதுதான் அம்மணி: யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பாயா? உன் அம்மாவிடம்கூட, கல்யாண வாசலுக்குக் கட்ட வாழை மரம் விசாரித்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரவு வாழை இலை ஒன்றுகூட இல்லாமல் நான் வந்து நின்றபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. "என்ற மானத்தை வாங்கிப்போட்டீங்க" என்று இரண்டாவதாக ஒன்று சொன்னாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மானம் போனது நேற்று இல்லை. பெருந்துறைக்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே போய்விட்டது. நேற்று நான் அதைத் திருப்பி வாங்கிவரத்தான் போனேன். முழுசாகக் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

நேற்று இரவிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. காலையில் காப்பியை வைத்துவிட்டு, "ஆறிப்போயிரும்" என்று மேசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாய். மேசை குடிக்கவில்லை, நான்தான் குடித்தேன். பேசாதவளிடம் எப்படிப் பேசுவது? அதனால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற கடிதம். டீச்சரம்மா சிவப்பு மையை எடுக்காமல் படிக்கவும். முதலில் இதை உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு மனம் மாறிவிட்டது. சாப்பாட்டு மேசைமேலேயே விரித்து வைக்கப்போகிறேன். கல்யாணத்துக்கு ஒறம்பரைச் சனம் வந்து இறங்கத் தொடங்கிவிட்டால் எப்படியும் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். சரியான கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பலகையைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தது யார்? நீதான். அதை மறந்துவிடாதே. இரண்டு பலகை, ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் நீளமான திருகாணி, மேல் பலகையில் காமிராவைப் பொருத்த ஒரு துளை. கீல் வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து இருக்கவேண்டும், கடிகார முள்ளோடு ஒட்டித் திருகாணியைச் சுற்றவேண்டும், அப்போது மேல் பலகை மெல்ல எழும்பி, பூமி சுற்றுகிற சுற்றுக்கு ஈடுகொடுத்துக் காமிரா நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டே போகும். இதை என் மண்டையில் ஏற்ற நீ பட்ட பாடு! பூமி சுற்றுவது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, சாயங்காலம் சாராயக்கடைப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு வேண்டுமானால் தெரியும் என்று சொன்னதற்கு அன்றைக்கும் கோபித்துக்கொண்டாய். இதையெல்லாம் மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோது நான் எடுத்துச் சொல்லியிருக்கவேண்டும். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்க, இது என்னுங்க, பலகையும் திருகாணியுமா?"

"சந்தகை மரமுங்க," என்றேன். "புது மாடலு. எங்க பொண்ணே செஞ்சது."

"அப்பிடிங்களா! மாவு எங்கீங்க போடறது?"

"ரெண்டு பலகைக்கும் நடுவுலீங்க. திருகுனா அந்தத் தொளை வழியா நூல் நூலா வந்துபோடும்."

என் மேல் என்ன தப்பு? நம் பக்கத்தில் திருகாணி வைத்த மரச்சாமான் எதைப் பார்த்தாலும் இடியாப்பம் மாதிரி மாவு பிழிந்து தின்கிற ஞாபகம்தானே வருகிறது! நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் நிஜத்தைச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா பலகையைத் தடவிப் பார்த்து, "கண்ணு, சந்தகை நல்லாப் புழிவியா?" என்று உன்னைக் கேட்டுவிட்டார்கள். காப்பித் தட்டோடு நின்ற நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம், "புழிவனுங்க" என்றாய். அடடா, நம் பெண் நம்மோடு சேர்ந்து விளையாடுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி. அவர்கள் போனபிறகுதான் சொன்னாய்: "வேற என்னுங்கப்பா சொல்றது? அத்தனை பேரு முன்னாடி உங்களைப் பொய்யாக்கறதா?"

சரி, அதோடு போயிருக்கும். போன வாரம் அங்கிருந்து ஆள் வந்து, சீர்ச் சாமான்களை மண்டபத்தில் அடுக்கும்போது அந்தப் புது மாடல் சந்தகை மரத்தையும் நடுவில் வைத்துவிடச் சொன்னார்கள், எங்கள் சனமெல்லாம் பார்க்கவேண்டும் என்றான். கிரைண்டருக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில் உன் பலகை! நீ கத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீ கத்தவில்லை. பலகையை என் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். "உடுங்கப்பா. இனி அது சந்தகை மரமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றாய். அன்றிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாசலுக்கும் பொடக்காலிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன் என்று உன் அம்மா திட்டுகிறாள். வீட்டுக்கு முன்னால் நடந்தால் பந்தல் வேலை, பின்னால் நடந்தால் நீ நின்று படம் எடுக்கிற அந்த வெற்றிடம். எங்கே போய் நிற்பது?

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று நீ கேட்பாய். உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அவள் இதைப் படித்தால் படிக்கட்டும். அவள் கோபிசெட்டிபாளையத்துக்காரி, வீட்டுக்கு எதிரே வாய்க்கால் என்பது உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்து விருந்துக்குப் போயிருந்தோம். அந்த வீட்டுச் செப்புக்குடம் கயிறு அறுந்து கிணற்றுக்குள் போய்விட்டது. ஆம்பிளைகள் நாங்கள் சுற்றி நின்று, குடத்தைக் கொக்கி போட்டு எடுக்கப் பாதாளக் கொலுசை யார் வீட்டில் வாங்குவது என்று நாயம் பேசிக்கொண்டிருந்தோம். உன் அம்மா உன்னை என் கையில் கொடுத்தாள், சேலையை வரிந்து கட்டினாள், கிணற்று மேட்டிலிருந்து குதித்துவிட்டாள். எனக்கு உயிர் போய் வந்தது. அவள் மேலே வந்தபோது குடம் இடுப்பில் இருந்தது, ஏதோ குழாயடியிலிருந்து வருகிற மாதிரி. நீச்சல் தெரியும் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வரும் வழியெல்லாம் கேட்டேன். "நீங்க கேக்கலீங்க" என்றாள். அவ்வளவுதான். அப்புறமாவது நான், போய் நீந்திவிட்டு வா என்று சொன்னேனா? தொண்டாமுத்தூர்ப் பக்கம் குடியிருக்கிறோம், கிணற்றுக்கா பஞ்சம்? சொல்லத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் நீ பலகையைத் தள்ளியபோது எனக்கு அந்தக் குடம்தான் ஞாபகம் வந்தது.

உனக்குப் பிடித்தது என்ன பைத்தியம் என்பதை நம் சனத்துக்கும் சொல்லவேண்டும். திருவாதிரைக்குக் கொஞ்சம் கிழக்கே சின்னதாக ஒரு நட்சத்திரக் கூட்டம். கண்ணுக்கு அது ஊதிவிட்ட கோலமாவு மாதிரி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு மேகம், ரோஜாப்பூ மாதிரி, நடுவில் ஓட்டையோடு. அது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது, பிலிமில் மட்டும்தான் விழும் என்றாய். தெரியாத ஒன்றைப் படம் பிடிக்க என்னைக் கொசுக்கடியில் குந்தவைத்தாயே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்! நம் ஊர் வானத்தில் துருவ நட்சத்திரம் வேறு தரையோடு தரையாக வடக்கு வீட்டு முருங்கைமரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்துவிட்டது என்று சொல்லி அந்தக் கிளையை அவர்களையே வெட்டவைத்தது யார் என்று நீ இதுவரை கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிறேன், நான்தான்.

முதல் ரோலைக் கழுவக் கொடுத்தபோது ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போடவே இல்லை. "ஒண்ணும் உழுகலீங்க, வெறுங்கருப்பு" என்று நெகட்டிவை வெட்டிக் கையில் கொடுத்தார், அதுவும் படத்தின் நடுவில் வெட்டி. எது படம், எது இடைவெளி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதிலிருந்துதான் ஒவ்வொரு ரோலிலும் முதல் படம் பகலில், வெளிச்சத்தில், வெட்டுகிறவருக்கு அடையாளமாக எடுப்பது என்று ஆயிற்று. அந்த அடையாளம் நான். தலையில் துண்டோடு நான், பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு நான், பல்பொடி வாயோடு நான். என்னைப் பார்த்து வெட்டினால்தான் உன் வானம் உருப்படியாக வரும். திருகாணி சுற்றுகிற உத்தியோகமும் எனக்குத்தான். உத்தியோகம் பார்த்த லட்சணம் படத்திலேயே இருக்கிறது. ரோஜா மேகம் முதன்முதலாக விழுந்த படத்தில் எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே அளவில், ஒரே பக்கமாக ஒரு குட்டிக் கொக்கி. நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டாய். "அப்பா, பாதில என்ன பண்ணுனீங்க?" என்றாய். தும்மினேன். அவ்வளவுதான். நான் தும்மியது வானம் முழுக்கப் பதிவாகிவிட்டது.

அந்தப் படத்தைத்தான் ஆல்பத்தோடு எடுத்துக்கொண்டு நேற்று காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். பெருந்துறை வீட்டில் சம்பந்தியம்மாதான் இருந்தார்கள். ஆல்பத்தை விரித்ததும் முதல் பக்கத்தில் பல்பொடி வாயோடு நான்.

"இவுரு யாருங்க?"

"நானுங்க. ஸ்டூடியோக்காரருக்கு அடையாளம்."

மேலும் கீழும் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். "இதென்னுங்க, குங்குமம் கொட்டிப்போச்சுங்களா?"

"மேகமுங்க. நட்சத்திரம் பொறக்கற மேகம். எங்க பொண்ணு எடுத்தது, பொடக்காலில நின்னு. அந்தப் பலகை இதுக்குத்தானுங்க."

விரலால் அந்தச் சிவப்பைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு, "அப்ப அன்னைக்குச் சொன்ன சந்தகை?" என்றார்கள்.

"அது என்ற வெளையாட்டுங்க. புள்ள மேல தப்பு இல்லீங்க. என்னைக் காப்பாத்தத் தலையாட்டிப்போட்டா."

"புழிய வருமுங்களா, வராதுங்களா?"

"புழிஞ்சா சிக்குச் சிக்கா வருமுங்க."

அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது, நான் ஒருவன் வந்து கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்றே நினைத்தேன் சாமி. உன்னிடம் எந்த முகத்தோடு வருவது? அப்படியே எழுந்து பழனிப் பக்கம் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது ஒரு தட்டு வந்தது. வெள்ளை வெளேரென்று சந்தகை, மேலே தேங்காய்ப்பால்.

"சாப்புடுங் சம்பந்தி. இது மரத்துல புழிஞ்சது. பலகைல புழிஞ்சது இல்லீங்."

முகத்தில் சிரிப்பே இல்லை. என்னைத் தோற்கடிக்க ஒரு ஆள் இருக்கிறார்கள் அம்மணி, உன் புகுந்த வீட்டில். அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் கேட்டுவிட்டேன். "ஆடிக்குப் புள்ளைய அழைக்க வரமாட்டனுங்க. ஆடில எங்கூர்ல வானமே மூடிக்கிடக்கும். தலைப்பொங்கல் முடிஞ்சு மாசி அமாவாசைக்கு அனுப்பி வெய்யுங்க" என்றேன்.

"அமாவாசைக்கு எந்தூர்லீங்க புதுப்பொண்ணைப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பறாங்க? பாக்கறவிய என்ன பேசுவாங்க?"

"நெலா இருந்தா மேகம் உழுகாதுங்க."

"யோசிக்கோணுமுங்க," என்றார்கள். இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறது. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். படத்தை டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கொக்கி இருக்குதுங்களே மாமா?" என்று கேட்டார். நான் தும்மியது என்றதும் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதை இங்கே எழுதி வைக்கிறேன். "நடுவுல ஏனுங்க ஓட்டை?" என்று அடுத்ததாகக் கேட்டார். அது எனக்குத் தெரியும். மேகத்துக்குள்ளேயே பிறந்த நட்சத்திரங்கள் வளர்ந்ததும் தங்கள் வெளிச்சத்தாலும் காற்றாலும் சுற்றியிருந்ததைத் தள்ளித் தள்ளி நடுவில் ஓட்டை போட்டுவிட்டன, அந்த வெளிச்சத்தில்தான் மிச்ச மேகம் சிவப்பாக எரிகிறது என்று நீ சொன்னாயே. பெற்றவள் மடியில் ஓட்டை போட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளா என்று நான் கேட்டதற்கு, திருகாணியைப் பாருங்கப்பா என்றாயே. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும், "தெரியாதுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதே. தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். நேற்று இரவு உன்னிடம் சொல்ல வந்ததும் இதுதான், நீதான் கதவைச் சாத்திவிட்டாய். அங்கே வானம் இல்லை சாமி. பக்கத்தில் கம்பெனி எஸ்டேட் முழுக்க விளக்கு, இருட்டினதும் மேலே பூசணிக்காய் நிறத்தில் ஒரு மூட்டம். திருவாதிரையைத் தேடினேன், கழுத்துதான் வலித்தது. மாப்பிள்ளையும் என்னோடு அண்ணாந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். "அந்த லைட்டையெல்லாம் நிறுத்தச் சொல்ல முடியாதுங்களே மாமா" என்றார். படி இறங்கும்போது, "எம்புட்டு தூரம் தள்ளிப் போனாத் தெரியுமுங்க?" என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அது நிஜமாகவே தெரியாது.

முகூர்த்தத்துக்கு வளர்பிறை வேண்டும், உன் மேகத்துக்கு நிலா இல்லாத சாயங்காலம் வேண்டும். கல்யாண நாள் நெருங்க நெருங்க நிலாவும் வளர்ந்துகொண்டே வரும். நாளைக் காலையில் பந்தல்காரர் வந்து வீடு முழுக்கச் சீரியல் பல்பைச் சுற்றிவிடுவார், பொடக்காலியில் சமையல் அடுப்பு வெட்டுவார்கள். இன்றைக்கு விட்டால் இந்த வீட்டில் இருட்டு இல்லை. நீயோ பலகையை வேட்டியில் சுற்றி வைத்துவிட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டியது சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு எப்படி இருப்புக் கொள்ளும்?

இரு. பின்னால் வளையல் சத்தம் கேட்கிறது. நீதான். எவ்வளவு நேரமாக நின்று படிக்கிறாய் என்று தெரியவில்லை. திரும்பினால், "திரும்பாதீங்க, எழுதுங்க" என்கிறாய். சரி, நீ பேசுவதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"மாடியில எத்தனை தெரிஞ்சுதுங்கப்பா?"

"ஒண்ணு. அதுவும் நவுந்து போயிருச்சு. ஏரோப்ளேன்."

சிரிக்கவில்லை நீ. "எனக்குத் தெரியுமுங்கப்பா. ஈரோட்டுல பி.எட். படிக்கறப்ப வாராவாரம் அந்த வழியாத்தானே வருவேன். பெருந்துறை வந்தாலே ஜன்னல்ல வானம் வெந்துபோன மாதிரி இருக்கும்."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"மாப்பிள்ளையைப் பாத்துத்தானே சரின்னு சொன்னேன். வானத்தைப் பாத்தா சொல்லுவாங்க?"

அப்புறம் எதற்குக் கோபம் என்று கேட்கிறேன்.

"நானே சொல்லோணும்னு இருந்தனுங்கப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி, அவுருகிட்ட, என்ற வாயால. அதுக்கு எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு தெனமும் நெனச்சு நெனச்சு வெச்சிருந்தேன். நீங்க போயி ஆல்பத்தை விரிச்சுப்போட்டீங்க."

உன் அம்மா மாதிரி நீ பேசாமல் இருந்துவிடுவாய் என்று பயந்து ஓடினேன். நீ பேச வைத்திருந்ததை நான் பேசித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இல்லை சாமி. மேலே படித்துப் பார். கொக்கியை மட்டும்தான் சொன்னேன். ஓட்டையை உனக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாப்பிள்ளை அது ஏன் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறார்.

நீ அந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறாய், கழுத்தில் மூச்சுப் படுகிறது. ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாய்.

கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க. உன் அம்மா, விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருண்டு கிடக்கக்கூடாது என்று முனகிக்கொண்டே சிம்னி விளக்கைக் கொண்டுவந்து இந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். நான் உனக்கு நல்லபடியாகப் புத்திமதி சொல்லி முடிக்கலாம் என்று இந்த வெளிச்சத்தில் பேனாவைப் பிடிக்கிறேன், பின்னால் ஆளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் ஏதோ இழுபடுகிற சத்தம். என் பழைய வேட்டி நடைவழியில் கிடக்கிறது. பலகை பொடக்காலிக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, காமிராப் பையோடு நீயும். கடிதம் இன்னும் முடியவில்லை, நில் என்கிறேன். யார் கேட்கிறார்கள்?

"அப்பா! அந்த வெளக்கை ஊதுங்க, இங்கவரைக்கும் அடிக்குது! வெசையா வந்து திருகாணியப் புடிங்க!"

இரு கண்ணு, முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. புகுந்த வீட்டில் நீ முதலில்

"வாரீங்களா இல்லீங்களா? இன்னைக்கு மட்டும் தும்முனீங்கன்னா பாருங்க!"

கத்தாதே, ஊதுகிறேன். மூக்கு வேறு இப்போதே அரிக்கிறது.